2000 ஏ.டி. வார இதழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2000 ஏ.டி. என்றால் என்ன?

இங்கிலாந்தில் வாராவாரம் வெளிவரும் அறிவியல் புனைகதை காமிக்ஸ். முதல் இதழின் தேதி 1977 பிப்ரவரி 26. விலை 8 பென்ஸ். இணைப்பாக ஸ்பேஸ் ஸ்பின்னர் என்ற பிளாஸ்டிக் பறக்கும் தட்டு ஒன்றும் கொடுத்தார்கள். ஐ.பி.சி. என்ற பதிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த கெல்வின் காஸ்னெல், விண்வெளிப் படங்கள் வரிசையாக வரப்போகின்றன என்ற செய்தியைப் படித்துவிட்டு, இந்தத் துறையில் ஒரு காமிக்ஸ் போடலாம் என்று யோசனை சொன்னார். அதற்கு உருவம் கொடுத்தவர் பாட் மில்ஸ். கி.பி. 2000 அன்றைக்கு எட்டாத தூரம்; அதுவரை இதழ் உயிரோடு இருக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அதனால்தான் அந்தப் பெயரைத் தைரியமாக வைத்தார்கள்.

இன்றைய இதழில் 32 பக்கம், வழக்கமாக ஐந்து கதைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பக்கம். பெரும்பாலானவை தொடர்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து உரிமை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனத்திடம் இருக்கிறது.

'ப்ராக்' என்கிறார்களே, அது என்ன? ப்ராக் எண்ணை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு வார இதழ்தான் ஒரு ப்ராக். 'புரோகிராம்' என்பதன் சுருக்கம். வாசகர்கள் பேசும்போது தேதி சொல்ல மாட்டார்கள். ப்ராக் 149, ப்ராக் 376 என்றுதான் சொல்வார்கள்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது சுலபம். எண்ணை 50-ஆல் வகுத்து 1977-உடன் கூட்டுங்கள். ப்ராக் 376 என்றால் ஏழரை. ஆக 1984-இன் நடுப்பகுதி. சில மாதம் முன்பின் இருக்கலாம், ஆனால் பெரிதாகத் தப்பாது. சரிபார்க்க நான்கு மைல்கற்கள்: ப்ராக் 500 வந்தது 1986 டிசம்பரில், 1000 வந்தது 1996 ஜூலையில், 1500 வந்தது 2006 ஆகஸ்டில், 2000 வந்தது 2016 செப்டம்பரில்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. 1999 டிசம்பரில் புத்தாயிரத்தை வரவேற்று 100 பக்கச் சிறப்பிதழ் ஒன்று வந்தது. அதற்கும் 'ப்ராக் 2000' என்றே பெயர். ஆனால் வரிசையில் 2000-ஆவது இதழ் வர இன்னும் 17 ஆண்டு ஆனது. பழைய இதழ் வாங்கும்போது 'ப்ராக் 2000' என்று போட்டிருந்தால் எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தார்க் யார்?

இதழின் ஆசிரியர். பெட்டல்ஜூஸ் விண்மீனிலிருந்து வந்த பச்சை நிற வேற்றுக்கிரகவாசி. நிஜ ஆசிரியர் யாராக இருந்தாலும் தலையங்கமும் கடிதப் பதிலும் தார்க்கின் பெயரில்தான் வரும். எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவரிடம் வேலை செய்யும் ரோபோக்கள். அவருடைய மொழியில் வாசகர் 'ஸ்க்வாக்ஸ் டெக் தார்கோ', அதாவது தார்க்கின் நண்பர். 'போராக் துங்' என்பது வணக்கம். பிடித்துவிட்டால் 'ஸார்ஜாஸ்'. சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் முதல் ப்ராக் முதல் இன்றுவரை எத்தனையோ ஆசிரியர்கள், எத்தனையோ உரிமையாளர்கள் மாறிய பிறகும் இதழுக்கு ஒரே குரல் இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அதிகம் வரும் கேள்வி இது. வழக்கமாகக் கிடைக்கும் பதிலோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. எதிர்கால நகரம் ஒன்றில் காவலரும் நீதிபதியுமாக இருக்கும் ஜட்ஜ் ட்ரெட்டின் கதைகளை வரிசையாகத் தொகுத்த 'கம்ப்ளீட் கேஸ் ஃபைல்ஸ்' நூல்வரிசையின் முதல் பாகத்தை எடு என்பார்கள். அதில் இருப்பது ப்ராக் 2 முதல் 60 வரை. அப்போது ட்ரெட்டின் உலகத்துக்கு விதிகளே உறுதியாகவில்லை. நகரம் எவ்வளவு பெரியது, நீதிபதிகளுக்கு மேல் யார், ட்ரெட் நகைச்சுவைப் பாத்திரமா பயங்கரப் பாத்திரமா என்று வாரத்துக்கு வாரம் மாறும். உலகம் பழகிய பிறகு படித்தால் அது சுவை. முதலில் படிப்பவர்கள் நூறு பக்கம் தாண்டாமல் மூடி வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் வரிசை இது. முதலில் 'அமெரிக்கா'. ஜான் வாக்னர் எழுதி காலின் மெக்நீல் வண்ணத்தில் தீட்டிய கதை. 1990-இல் ஜட்ஜ் ட்ரெட் மெகஸின் என்ற துணை இதழில் வந்தது. தனி நூலாகக் கிடைக்கிறது. அமெரிக்கா என்பது ஒரு பெண்ணின் பெயர். அவளைச் சிறுவயது முதல் நேசிக்கும் பெனட் பீனி என்பவன் கதையைச் சொல்கிறான். ட்ரெட் அதில் கிட்டத்தட்ட வில்லன். இந்த ஒரே கதையில் அந்த உலகம் எப்படிப்பட்டது என்று விளங்கிவிடும்.

அடுத்து கேஸ் ஃபைல்ஸ் 5-ஆம் பாகம்: ப்ராக் 208 முதல் 270 வரை. ட்ரெட் கதைகளிலேயே ஒரே அட்டைக்குள் இவ்வளவு கனமான தொகுப்பு வேறில்லை. ட்ரெட்டின் எதிரி ஜட்ஜ் டெத்தின் இரண்டாம் வருகை, 'பிளாக் மேனியா', 'அபோகலிப்ஸ் வார்' எல்லாம் இதற்குள் அடக்கம். அதன் பிறகு 2, 3, 4 என்று பின்னோக்கிப் போகலாம்.

'நெக்ரோபொலிஸ்' (ப்ராக் 674–699) படிக்கும் எண்ணம் இருந்தால் 'தி டெட் மேன்' (ப்ராக் 650–662) என்ற கதையை அதற்கு முன்னால் படித்தே ஆகவேண்டும். இது மாறினால் இரண்டு கதையும் கெட்டுவிடும். 'டெட் மேன்' நூலின் பின்னட்டையைப் படிக்காதீர்கள், இணையத்தில் தேடாதீர்கள். இதற்கு மேல் நாங்களும் சொல்ல மாட்டோம்.

ட்ரெட் வேண்டாம் என்பவர்களுக்கு 'தி பாலட் ஆஃப் ஹேலோ ஜோன்ஸ்'. அறிவியல் புனைகதையே ஒத்துவராது என்பவர்களுக்கு 'பட்டன் மேன்': பணக்காரர்கள் பந்தயம் கட்டி ஆட்களை மோதவிடும் குற்றக் கதை, எழுத்து வாக்னர், ஓவியம் ஆர்தர் ரான்சன்.

வார இதழாகவே தொடர விரும்பினால் ஆண்டுக்குச் சில முறை 'ஜம்பிங் ஆன் ப்ராக்' வரும். அந்த இதழில் எல்லாக் கதையும் முதல் பகுதியிலிருந்து தொடங்கும். அங்கே ஏறிக்கொள்ளுங்கள். இடையில் ஏறினால் ஐந்தில் நான்கு கதை புரியாது, ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள்.

ட்ரெட்டுக்கு உண்மையிலேயே வயதாகிறதா?

ஆகிறது. இந்த இதழை மற்ற காமிக்ஸ்களிலிருந்து பிரித்து நிறுத்துவது இதுதான். கதை நடக்கும் ஆண்டு, வெளிவரும் ஆண்டோடு 122-ஐக் கூட்டினால் வருவது. 1977-இல் வந்த கதை 2099-இல் நடந்தது; 2012-இல் வந்தது 2134-இல். நமக்கு ஒரு வருடம் கழிந்தால் ட்ரெட்டின் நகரமான மெகா சிட்டி ஒன்னிலும் ஒரு வருடம் கழியும். ட்ரெட் 2066-இல் படியெடுக்கப்பட்ட உயிர். தொட்டியிலிருந்து ஐந்து வயதுச் சிறுவனாகவே எடுக்கப்பட்டவர். 2079-இல் பயிற்சி முடித்தார். முதல் கதையிலேயே இருபது வருட அனுபவசாலி. இன்றைக்கு அவர் கிழவர்.

வயது கூடுவதை விடப் பெரியது, நடந்தது எதுவும் அழிக்கப்படாது என்பது. இதற்கு ஒரே உதாரணம் போதும்.

1982-இல் வந்த 'அபோகலிப்ஸ் வார்' தொடரில் ரஷ்யர்களின் ஈஸ்ட் மெக் ஒன் நகரம் மெகா சிட்டி ஒன்னைத் தாக்குகிறது. 80 கோடிப் பேர் வாழ்ந்த நகரத்தில் பாதி அழிகிறது. ட்ரெட் ஒரு சிறு குழுவோடு எதிரியின் ஏவுகணைத் தளத்துக்குள் நுழைந்து கட்டுப்பாட்டைக் கைப்பற்றுகிறார். ஏவுகணைகள் ஈஸ்ட் மெக் ஒன்னை நோக்கித் திருப்பப்படுகின்றன. அங்கே இருப்பவர்கள் 50 கோடிப் பேர். எதிரிப் படை அதிகாரி கெஞ்சுகிறான். ட்ரெட் இரண்டே சொல்லில் மறுத்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார். 25 வாரத் தொடரையும் வரைந்தவர் கார்லோஸ் எஸ்கெரா ஒருவரே. அந்தக் கட்டத்தில் ட்ரெட்டின் முகத்தில் எந்த உணர்ச்சியையும் அவர் காட்டவில்லை. கன்னத்தின் கோடும் இறுகிய வாயும்தான்.

வேறு இதழாக இருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பார்கள். இங்கே 2011-இல் 'டே ஆஃப் கேயாஸ்' தொடங்கியது. ஈஸ்ட் மெக் ஒன்னில் தப்பிப் பிழைத்த சிலர் பழிவாங்க ஒரு கிருமியைத் தயாரித்து மெகா சிட்டியில் பரப்புகிறார்கள். 40 கோடி மக்களில் மிஞ்சியது சுமார் 5 கோடி. ட்ரெட் அழுத்திய பொத்தானுக்குப் பதில் வர 30 வருடம் ஆகியிருக்கிறது, கதைக்குள்ளேயும் வெளியேயும். 1982-இல் பத்து வயதில் படித்த பையன் நாற்பது வயதில் அதன் விளைவைப் படித்தான். இரண்டையும் எழுதியவர் வாக்னர். முதலாவதில் ஆலன் கிரான்டும் உடன் எழுதினார். காமிக்ஸில் இதற்கு ஈடு சொல்ல எங்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

ட்ரெட் நாயகனா, வில்லனா?

அவர் சட்டம். பிடிப்பதும் தீர்ப்புச் சொல்வதும் தண்டிப்பதும் ஒரே ஆள், தெருவிலேயே. தேர்தல் கிடையாது. அவர் நேர்மையானவர், லஞ்சம் தொடாதவர், உயிரைக் கொடுத்து மக்களைக் காப்பவர். ஆனால் அவர் காக்கும் அமைப்பு சர்வாதிகாரம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் கதையின் உயிர். அவரை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு கைதட்டும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாதிக் கதையைத்தான் படிக்கிறார்கள் என்பது எங்கள் கருத்து. ப்ராக் 460-இல் வந்த 'லெட்டர் ஃப்ரம் எ டெமாக்ராட்' என்ற ஆறு பக்கச் சிறுகதையைப் படியுங்கள். ஜனநாயகம் கேட்டுப் போராடப் போகும் ஒரு குடும்பப் பெண் கணவனுக்கு எழுதும் கடிதம். எழுதியவர்கள் யார் பக்கம் என்பதில் அதற்குப் பிறகு சந்தேகம் வராது.

ஹெல்மெட்டைக் கழற்றுவாரா?

மாட்டார். முகத்தை முழுதாகக் காட்டுவதில்லை என்பது எழுதப்படாத விதி. 1995 படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் கழற்றினார். ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. 2012 படத்தில் கார்ல் அர்பன் கடைசிவரை கழற்றவில்லை. படம் பார்ப்பதென்றால் இரண்டாவதைப் பாருங்கள்.

ஐந்தாறு பக்கத்தில் ஒரு பகுதி முடிந்துவிடுகிறதே, அதில் என்ன சொல்ல முடியும்?

நிறைய. இதைப் புரிந்துகொண்டால்தான் இதழின் அழகு தெரியும்.

ஒரு பக்கத்துக்கு ஐந்து முதல் ஏழு கட்டம் என்று வைத்தால், ஒரு வாரத்துக்கு 30 கட்டம் சொச்சம். அதற்குள் போன வாரம் நடந்ததை நினைவூட்ட வேண்டும், புதிதாக ஒன்று நடக்க வேண்டும், கடைசிக் கட்டத்தில் அடுத்த வாரத்துக்குக் கொக்கி போட வேண்டும். முன்கதையை ஒரு கட்டத்துக்கு மேல் சொன்னால் வேகம் போய்விடும். சொல்லாமல் விட்டால் போன வாரம் படிக்காதவன் தொலைந்துபோவான். நல்ல எழுத்தாளர் முன்கதையைச் சண்டைக்கு நடுவில் ஒரு வசனமாகச் செருகிவிடுவார். சொதப்பும் தொடர்களை எடுத்துப் பாருங்கள்: பெரும்பாலும் 120 பக்க நூலுக்காக எழுதி, கத்தரியால் ஆறு ஆறு பக்கமாக வெட்டியிருப்பார்கள். வாரக் கடைசிக் கட்டத்தில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

சரியாக வந்ததற்குச் சான்று, 'ஜட்ஜ் டெத் லிவ்ஸ்' (ப்ராக் 224–228). உயிரோடு இருப்பவர்கள்தானே குற்றம் செய்கிறார்கள், ஆகவே உயிர் வாழ்வதே குற்றம் என்று தீர்மானித்த உலகத்திலிருந்து வந்த நான்கு பிணங்கள்தான் எதிரிகள். அவர்களில் ஜட்ஜ் ஃபியர் தன் முகமூடியைத் திறந்தால் பார்த்தவர் பயத்தில் செத்துவிழுவார். ட்ரெட்டின் முன் திறக்கிறார். அடுத்த கட்டத்தில் ட்ரெட்டின் முஷ்டி அந்த முகத்துக்குள் புகுந்து தலையின் பின்பக்கம் வெளியே வருகிறது. வரைந்தவர் பிரையன் போலண்ட். உலோகம் நெளிவதும் சில்லுகள் தெறிப்பதும் மயிரிழைக் கோடுகளில் தெரியும். அச்சமூட்ட ஒரு கட்டம், அதை உடைக்க ஒரு கட்டம். இடையில் விளக்கம் ஏதும் கிடையாது. ஐந்து பக்கக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் யாராவது அங்கே ஒரு பக்கம் நீட்டியிருப்பார்கள்.

எழுத்துருக்காரரையும் கவனியுங்கள். ட்ரெட் கதைகளுக்குப் பல்லாண்டு வசன எழுத்து எழுதியவர் டாம் ஃப்ரேம். நெருக்கமான கட்டத்தில் பலூனை எங்கே வைத்தால் கண் தடுக்காமல் ஓடும் என்பதை அவரிடம் கற்கலாம்.

தொடக்கத்தில் இவ்வளவு ரோபோக்களும் டைனோசர்களும் ஏன்?

பாட் மில்ஸ் அதற்கு முன் உருவாக்கிய 'ஆக்‌ஷன்' என்ற வார இதழ், வன்முறை அதிகம் என்று பத்திரிகைகள் கொதித்ததால் 1976 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. பிறகு பல்லைப் பிடுங்கிய பாம்பாகத் திரும்பி வந்தது. அந்தப் பாடத்தோடு தொடங்கியதுதான் 2000 ஏ.டி. மனிதனின் கையை வெட்டினால் புகார் வரும். ரோபோவின் கையை வெட்டினால் வராது. முதல் ப்ராக்கில் வந்த 'ஃப்ளெஷ்' கதையில் எதிர்கால மனிதர்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் இறைச்சிக்காக டைனோசர் பண்ணை நடத்துகிறார்கள். கடைசியில் டைனோசர்கள் அவர்களைத் தின்கின்றன. வாசகன் டைனோசர் பக்கம் நிற்கிறான். இதழின் குணம் அந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அதே இதழின் நட்சத்திரமாக நினைக்கப்பட்டவர் 1950-களின் விண்வெளி வீரர் டான் டேர். ட்ரெட் முதல் ப்ராக்கில் இல்லவே இல்லை. ப்ராக் 2-இல்தான் வந்தார்.

ஹேலோ ஜோன்ஸ் ஏன் மூன்று பாகத்தோடு நின்றது?

ஆலன் மூர் எழுத, இயன் கிப்சன் வரைந்த தொடர். முதல் பாகம் 1984-இல் ப்ராக் 376-இல் தொடங்கியது; மூன்றாவது 1986-இல் முடிந்தது. திட்டமிட்டது ஒன்பது. மான்ஹாட்டனுக்கு அருகே கடலில் மிதக்கும் சேரியில் வாழும் ஒரு சாதாரணப் பெண். அவளுக்கு அபூர்வ சக்தி கிடையாது, வீரசாகசம் கிடையாது. முதல் பாகத்தில் அவள் செய்யும் பெரிய காரியம் சாமான் வாங்கக் கடைக்குப் போய்வருவது. துப்பாக்கிக் கதை பழகிய பையன்கள் அப்போது முகம் சுளித்தார்கள். எங்கள் கணிப்பில் இதழில் வந்ததிலேயே முதிர்ச்சியான எழுத்து அதுதான். மூன்றாம் பாகத்தின் போர்க்களத்தில் ஈர்ப்பு விசையால் காலமே கனத்துப்போகும் பகுதியை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார்.

நின்றதற்குக் காரணம் உரிமைப் பிரச்சினை. பாத்திரத்தின் சொந்தக்காரர் பதிப்பகம், படைத்தவர்கள் அல்ல. மூர் உரிமை கேட்டார், கிடைக்கவில்லை, விலகினார்.

படைப்பாளிகளுக்கு உரிமை இல்லையா?

அன்றைக்கு இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு சரி. பெயர் போடுவதே பெரிய போராட்டம். பிரிட்டிஷ் வார காமிக்ஸ்களில் யார் எழுதினார், யார் வரைந்தார் என்று அச்சிடும் வழக்கமே கிடையாது. கலைப் பிரிவில் இருந்த கெவின் ஓ'நீல் சின்னதாக ஒரு பெயர்ப்பெட்டியைப் பக்கத்தில் நுழைத்தார். 'எழுத்து ரோபோ, ஓவிய ரோபோ, எழுத்துரு ரோபோ' என்று தார்க்கின் விளையாட்டுப் போல் இருந்ததால் அது நிலைத்தது. வாசகனுக்கு போலண்ட், மெக்மேஹன், எஸ்கெரா என்று பெயர் தெரிந்தது அதனால்தான். அமெரிக்கப் பதிப்பாளர்களுக்கும் தெரிந்தது. 1980-களில் மூர், போலண்ட், டேவ் கிப்பன்ஸ் என்று வரிசையாக அங்கே போனார்கள்.

1990-களை எல்லோரும் திட்டுகிறார்களே?

பெருமளவு நியாயம்தான். தேர்ந்த கைகள் அமெரிக்கா போய்விட்டன. 'ஸ்லெய்ன்: தி ஹார்ன்ட் காட்' (1989–90) கதையில் சைமன் பிஸ்லியின் தைல ஓவியப் பாணி பெரும் வெற்றி பெற்றதும் எல்லோரும் அதையே நகலெடுத்தார்கள். பிஸ்லிக்கு உடலமைப்பு தெரியும், நகலெடுத்தவர்களுக்குத் தெரியாது. பழுப்பும் கருப்பும் கலந்த சேறாகப் பல பக்கங்கள் அச்சாயின. யார் யாரை அடிக்கிறார் என்றே புலப்படாது. ஆனாலும் அந்தப் பத்தாண்டை மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். 'பட்டன் மேன்' 1992, 'நிகோலாய் டான்டே' 1997. டான்டே 15 ஆண்டு ஓடி, சொன்னபடி முடிவுக்கு வந்த தொடர்.

அந்தக் காலத்தின் பெரிய தவறு என்று நாங்கள் சொல்வது 'ஸ்ட்ரான்டியம் டாக்' நாயகன் ஜானி ஆல்ஃபாவை 1990-இல் கொன்றதை. அவரைப் படைத்த எஸ்கெராவே அந்தச் சாவை வரைய மறுத்தார். மற்றவர்கள் வரைந்தார்கள். 2010-இல் வாக்னரும் எஸ்கெராவும் சேர்ந்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதழில் நடந்தது அழியாது என்று மேலே சொன்னோம். அதற்கு இது விதிவிலக்கு. அந்த மீட்சி தேவையில்லை என்பவர்களும் ரசிகர்களில் உண்டு.

இன்றைய தொடர்களில் எது நன்றாக இருக்கிறது?

'பிரிங்க்' (2016 முதல்). டான் ஆப்நெட் எழுத்து, ஐ.என்.ஜே. கல்பார்ட் ஓவியம். பூமி வாழத் தகுதியற்றுப் போய், மனிதர்கள் விண்வெளிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பிரிட்ஜெட் கர்டிஸ் என்ற காவலர் வழக்குகளைத் துருவுகிறார். பெரும்பாலும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிகள்தான். ஆனாலும் முதுகுத்தண்டு சில்லிடும். கல்பார்ட் தட்டையான வண்ணங்களையே பயன்படுத்துகிறார், ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம். அடைபட்ட உணர்வை அந்த நிறங்களே கொடுத்துவிடும். அதே ஆப்நெட், மார்க் ஹாரிசனுடன் செய்யும் 'தி அவுட்' (2020) அதற்கு நேர் எதிர்: எல்லையில்லாத வெளியில் புகைப்படக்காரியாகச் சுற்றும் ஒரு பெண்.

தொகுப்புகளில் சில பக்கங்கள் இல்லை என்கிறார்களே, உண்மையா?

ஆம், ஒரு முக்கியமான இடத்தில். 1978-இன் 'தி கர்ஸ்டு எர்த்' (ப்ராக் 61–85) கதையில் பிரபலமான பர்கர் நிறுவனங்களையும் விளம்பரப் பாத்திரங்களையும் கிண்டல் செய்த நான்கு பகுதிகள் உண்டு: ப்ராக் 71, 72, 77, 78. சட்டச் சிக்கலுக்குப் பயந்து பல பத்தாண்டுகள் அவை மறுபதிப்பு காணவில்லை. பிரிட்டனில் நையாண்டிக்கு விலக்கு அளித்துக் காப்புரிமைச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பிறகு, 2016-இல் முழுப் பதிப்பு வந்தது. வாங்கும்போது அட்டையில் 'அன்சென்சார்டு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் ஃபைல்ஸ் 2-இல் அந்த நான்கும் இல்லை. இன்னொன்று: பழைய ப்ராக்குகளில் நடுப்பக்கம் வண்ணத்தில் வந்தது, கேஸ் ஃபைல்ஸின் தொடக்கப் பாகங்களில் அதே பக்கங்கள் கருப்பு வெள்ளையில் இருப்பதால் சாம்பல் மங்கலாகத் தெரியும். அச்சுப்பிழை அல்ல.

தமிழ் காமிக்ஸ் வாசகருக்கு இதில் தெரிந்த முகம் உண்டா?

உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான். அது 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்த 'ஸ்டீல் க்ளா'. லயன் காமிக்ஸ் மூலம் நமக்குப் பழக்கமான ஸ்பைடரும் சட்டித்தலையன் ஆர்ச்சியும் அதே நாட்டு வார இதழ்களின் பிள்ளைகள். அந்தப் பழைய பாத்திரங்களின் உரிமையை ரெபெல்லியன் 2016-இலும் 2018-இலும் இரண்டு தவணையாக வாங்கிவிட்டது. ஆக மாயாவியும் ட்ரெட்டும் இன்று ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மாயாவி கதைகள் நல்ல அச்சில் ஆங்கிலத்தில் திரும்ப வருகின்றன. ஹெசுஸ் பிளாஸ்கோவின் தூரிகை நிழல்களைச் சரியான அளவில் பார்க்க நல்ல வாய்ப்பு.

இன்னொரு தொடர்பு: கிரான்ட் மாரிசன் எழுதிய 'ஸெனித்' தொடரின் மூன்றாம் பாகத்தில் பழைய பிரிட்டிஷ் நாயகர்கள் கூட்டமாக வருவார்கள். ஆர்ச்சியும் 'ஆசிட் ஆர்ச்சி'யாக வருகிறான்.

இந்தியாவிலிருந்து படிக்க எளிய வழி?

டிஜிட்டல். இதழின் சொந்த இணையக் கடையில் வாங்கினால் பூட்டு எதுவும் இல்லாத பி.டி.எஃப்., சி.பி.இசட். கோப்புகளாகவே தருகிறார்கள், தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் படிக்காதீர்கள். பக்கம் அமெரிக்க காமிக்ஸை விட அகலம், எழுத்து நெருக்கம். பெரிதாக்கிப் படித்தால் பக்க அமைப்பு சிதைந்துவிடும். 10 அங்குல டேப்லெட்டை நிறுத்துவாக்கில் வைத்தால் முழுப் பக்கமும் தெரியும். இரட்டைப் பக்க ஓவியம் வந்தால் மட்டும் படுக்கைவாக்கில் திருப்புங்கள். படிப்பானில் 'இரு பக்கம்' என்ற அமைப்பைப் போட்டால், அட்டையைத் தனிப் பக்கமாகக் கணக்கில் எடுக்கும்படியும் வையுங்கள். இல்லாவிட்டால் ஜோடிகள் ஒரு பக்கம் தள்ளிப்போகும்.

பழைய ப்ராக் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் நடுப்பக்கம். வண்ணத்தில் இருந்ததால் சுவரில் ஒட்டப் பிய்த்தவர்கள் அதிகம். பின் குத்திய இடத்தில் தாள் தளர்ந்திருந்தால் பக்கங்களை எண்ணுங்கள். அடுத்து கூப்பன் வெட்டிய ஓட்டை. வெட்டிய பக்கத்தின் பின்னால் இருக்கும் கதையும் சேர்ந்து போயிருக்கும். மூன்றாவது, பின்னின் துரு. துரு தாளை அரித்து நடுமடிப்பு கிழியும். நம் கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும். அட்டையின் மூலையில் பேனாவால் பெயரோ வீட்டு எண்ணோ இருந்தால் அது கடைக்காரர் வீட்டுக்கு வீடு இதழ் போட எழுதியது. விலை குறையும், படிக்கத் தடையில்லை.

பழைய ப்ராக்குகள் செய்தித்தாள் ரகத் தாளில் அச்சானவை. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், அமிலம் கூடி நொறுங்கும். அமிலமற்ற உறை, பின்னால் அமிலமற்ற அட்டை, வெயில் படாத அலமாரி, தரையிலிருந்து ஓரடி உயரம். சாதாரண பாலித்தீன் பையில் போட்டு வாயை ஒட்டிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். லேமினேஷன் செய்யவே கூடாது.

ப்ராக் 1 விலைக்கு வந்தால் ஸ்பேஸ் ஸ்பின்னர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விலை பல மடங்கு. ஸ்பின்னரை அட்டையில் ஒட்டிய டேப் பிரிக்கப்பட்டபோது அச்சும் சேர்ந்து உரிந்திருக்கலாம். அந்த இடத்தின் நெருக்கமான படத்தை வாங்கிப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

இந்த இதழுக்கு நானே கதை எழுத முடியுமா?

புதியவர்களுக்கான வாசல் 'ஃப்யூச்சர் ஷாக்'. ஒரே இதழில் முடியும், கடைசியில் திருப்பம் உள்ள நான்கைந்து பக்கச் சிறுகதை. ஸ்டீவ் மூர் ப்ராக் 25-இல் தொடங்கிவைத்த வடிவம் இது. ஆலன் மூர் கை பழகியது இதில்தான். அனுப்புவதற்கு முன் இதழ் அப்போது கதைகளை ஏற்கிறதா என்று அவர்களின் தளத்தில் பாருங்கள்.

நான்கு பக்கம் என்றால் நான்கேதான். பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம், கட்டத்துக்கு 25 சொல்லுக்கு மேல் வசனம் வேண்டாம். ஒரு கட்டத்தில் ஒரு செயல் மட்டும்: 'அவன் எழுந்து கதவைத் திறந்து வெளியே ஓடுகிறான்' என்று எழுதினால் ஓவியரால் வரைய முடியாது, அது மூன்று கட்டம். திருப்பத்தைத் தலைப்பிலோ முதல் பக்கத்திலோ கசியவிடாதீர்கள். எல்லாம் கனவு, எல்லாம் வீடியோ கேம், கடைசியில் அவர்கள் ஆதாமும் ஏவாளும் — இந்த மூன்றும் பலமுறை வந்து சலித்தவை. திருப்பம் வாசகனை ஏமாற்றினால் போதாது. திரும்பிப் போய் முதல் பக்கத்தைப் பார்த்தால் தடயம் அங்கே கண்ணெதிரே இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் நான்கு பக்கத்தையும் தாளில் கட்டம் போட்டுக் குச்சி மனிதர்களாக வரைந்து பாருங்கள். எந்தக் கட்டத்தில் எழுத்துக்கு இடமில்லையோ, அந்தக் கட்டத்தைத்தான் திருத்த வேண்டும்.